மாடிச் சுவரில் காய்ந்த கட்டைகள்

டார்ச் லைட்டைப் பற்றி இந்தப் புதுச்சேரியில் என்னைவிடத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் அவனை அழைத்து வாருங்கள், என் நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். கடையில் உட்கார்ந்து இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை நாற்காலி என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். இன்றைக்குத் தட்டாஞ்சாவடியில் என் பட்டறையில் டிப்ளமோ படித்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் லைட்டு இருக்கிறதே, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பாதிப் பேர் தலையில் இருப்பது நான் செய்தது. தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடாமல் எழுந்தவன் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவான்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது அதைச் சொல்ல இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரின் மேல், தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகள் ஒரு வரிசை நிற்கின்றன. என் மனைவி வெயிலில் வைத்தவை. வைத்தவள் எடுக்க வரவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் என் தொழிலின் முதல் நாளில் இருந்து சொல்ல வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கு விரிக்கும் இடம்தான் அப்போது என் கடை. துருப்பிடித்த ஸ்பிரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், பல்பு மாற்றுவேன், பட்டன் மாற்றுவேன். ஒரு நாள் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கையில் சோப்புப் பெட்டி மாதிரி தட்டையாக ஒரு தகர டார்ச். உள்ளே பேட்டரியும் தட்டை, அதன் தலையில் இரண்டு பித்தளை நாக்கு. அந்த மாதிரி பேட்டரி இங்கே எந்தக் கடையிலும் கிடையாது.

"உன்னால ஆவாதுப்பா. பிரான்சுல இருந்துதான் வரணும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வச்சிட்டுப் போங்க முசியே. நாளைக்கு வந்து எரியறதப் பாருங்க" என்றேன்.

அவர் போனதும் பழைய பேட்டரியைக் கிழித்தேன். உள்ளே மூன்று சின்னக் கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அட, இவ்வளவுதானா என்று மூன்று பென்சில் கட்டைகளை வாங்கி, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி, பழைய பித்தளை நாக்கை அதன் மேல் பொருத்தினேன். எரியவில்லை. அவிழ்த்துக் கட்டினேன். எரியவில்லை. அப்போது எனக்குச் சோறு கொண்டுவந்தாள், கல்யாணமாகி சில மாதமே ஆன என் மனைவி. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, கிழித்துப் போட்ட பழைய பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நடுவுல நிக்கறது தலைகீழா நிக்குது பாருய்யா. நீ மூணையும் ஒரே பக்கமா நிக்க வச்சிருக்கற."

திருப்பிப் போட்டேன், எரிந்தது. சந்தோஷத்தில் அந்த வெளிச்சத்தை அவள் முகத்திலேயே அடித்தேன். இடது கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுளித்து, "யோவ், கண்ணு அவிஞ்சிடப் போவுது!" என்று கத்தினாள். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் சொல்தா டார்ச்சை வாங்கி ஏற்றிப் பார்த்து, தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஊரில் இருந்த சொல்தா வீடுகள் எல்லாம் என் கோணிச்சாக்கைத் தேடி வந்தன. இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும், நடுக்கட்டை வரும் இடத்தில் அவள் அடுப்படியில் இருந்து குறுக்கே வருவாள். "அத நான் சொல்லிக்கறேன், நீ மூச்சு வாங்கு" என்பாள். இப்போது எழுதும்போது அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, பழக்கத்தில் ஒரு நிமிடம் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

அந்த நாளில் இருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். புது டார்ச் எது வந்தாலும் முதல் வெளிச்சம் அவள் முகத்தில்தான். இடது கண் மூடி மூக்கும் சுளித்தால் சரக்கு நல்ல சரக்கு. கண் மட்டும் லேசாகச் சுருங்கினால் சுமார். சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். பட்டறை வந்த பிறகு என் மகன் வெளிச்சத்தை அளக்க ஒரு மெஷின் வாங்கினான். வாங்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் புது மாடலிலும் முதல் லைட்டு வீட்டுக்கு வரும். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், நான் பின்னால் போய் நின்று அடிப்பேன்.

"வயசாயும் கூத்தடிக்கிற பாரு. போய்யா அந்தாண்ட!"

மகன் சிரிப்பான். "மெஷின் தோத்துச்சு. அம்மா மூக்குதான் நமக்கு முத்திரை நைனா."

வைத்திக்குப்பத்து மீன்காரர்களுக்கு அஞ்சு கட்டை டார்ச் விற்றது நான்தான். அதில் ஒரு ஆள், எனக்குத் தம்பி முறை மாதிரிப் பழகியவன், ஒரு நாள் கடைக்கு வந்து குதித்தான்.

"அண்ணே, நீ குடுத்த லைட்டு நடுக்கடல்ல அணைஞ்சி போச்சு. கரையில என் பொண்டாட்டி ஒப்பாரியே வச்சிட்டா!"

என் மனைவி டார்ச்சைத் திருகித் திறந்தாள். ஸ்பிரிங் முழுக்கப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. "உப்புக் காத்துல அப்படியே போட்டா இன்னா பண்ணும்? துடைச்சி, ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வையி. பொண்டாட்டியப் பாத்துக்கற மாதிரிப் பாத்துக்கணும்."

"அப்டிப் பாத்துக்கினதாலதான் அண்ணி அணைஞ்சே போச்சு!"

அவள் சிரித்த சிரிப்பில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் சாய்ந்து கணக்குப் பலகை எல்லாம் எண்ணெய்.

இவ்வளவு வசதி வந்த பிறகும் அவள் விடாத ஒன்று உண்டு. தீர்ந்த கட்டைகளை எறிய மாட்டாள். சேர்த்து வைத்து, காலையில் மாடிக்கு எடுத்துப் போய்க் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நிறுத்துவாள். வெயிலில் காய்ந்ததும் சாயங்காலம் எடுத்து வந்து பழைய மூணு கட்டை எவர்சில்வர் டார்ச்சில் போட்டுப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் எரியும். தீப்பெட்டி எங்கே, பூனை எங்கே என்று தேட அது போதும். பயிர்வைக்கும் வீட்டில் பிறந்தவள். மிளகாய் காயும், வடகம் காயும், பக்கத்தில் பேட்டரியும் காயும்.

"பட்டறைக்காரன் பொண்டாட்டி செத்த கட்டையக் காயப் போடறா. பாக்கறவன் இன்னா நினைப்பான்? நம்ம கிட்ட புதுசு பொட்டி பொட்டியா இருக்குதுடி" என்று எகிறுவேன்.

"செத்தது இல்லய்யா. களைச்சிருக்குது. இதுல இன்னும் கொஞ்சம் இருக்கும்."

தொழில்காரன் நான், எனக்குத் தெரியும். சூடு பட்டால் உள்ளே இருக்கும் மருந்து கொஞ்சம் முழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னதிலும் பொய் இல்லை. எரியத்தானே செய்தது.

இன்னொன்றும் செய்வாள். அந்த எவர்சில்வர் டார்ச்சை அலமாரியில் எடுத்து வைக்கும்போது நல்ல கட்டைகளாகப் போட்டு, கடைசிக் கட்டையை மட்டும் தலைகீழாகத் திருப்பி மூடுவாள். தெரியாமல் பட்டன் அழுந்தினாலும் எரிந்து தீராது. வேண்டும்போது நேராக்கிக்கொள்வாள். எங்கள் தொழிலில் இருந்த பழைய பழக்கம் அது. நானே மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

அன்று காலை நான் கீழே கூடத்தில் உட்கார்ந்து ஒரு வியாபாரியிடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டைகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள், காபி ஆறிய பிறகும் வரவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மற்ற கட்டைகள் எல்லாம் மேலே வரிசையாக நின்றன. வைக்காத ஒன்று மட்டும் அவள் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. அதோடுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நர்ஸ் எடுத்து என்னிடம் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூச்சை மெஷின் விட்டது. மகன் டாக்டர்களோடு ஓடிக்கொண்டே இருந்தான். நான் வராந்தாவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் என் பட்டறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயை நிறுத்தினால் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் விடும் சத்தம் கேட்டது.

சில நாள் கழித்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா. என் பேத்தி வயது இருக்கும். பொறுமையாகப் பேசினாள்.

"ஐயா, அம்மாவுக்கு மூளை வேலை செய்யறது நின்னுடுச்சு. மெஷின்தான் மூச்சு விடுது. இனிமே திரும்பி வர மாட்டாங்க. நீங்க முடிவு சொன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

மகன் தலை குனிந்துகொண்டான். அவனிடம் முன்னமே சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

"எப்டிம்மா அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?" என்றேன்.

"நிறைய டெஸ்ட் பண்ணிட்டோம் ஐயா. ஸ்கேன் எடுத்தோம். கண்ணுல லைட் அடிச்சா நடுவுல இருக்கற கறுப்புப் பாப்பா சுருங்கணும். அம்மாவுக்குச் சுருங்கல." பையில் இருந்து பேனா மாதிரி ஒரு குட்டி டார்ச்சை எடுத்து, என் மனைவியின் இமையைத் தூக்கி அடித்துக் காட்டினாள்.

நான் கண்ணைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். மஞ்சளாக, ஓரம் மங்கி, எனக்கு நன்றாகத் தெரிந்த வெளிச்சம் அது.

"டாக்டரம்மா, உங்க டார்ச்சுல கட்டை டல்லா இருக்குது."

"நைனா, சும்மா இரு" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா. லைட்டப் பத்தி எனக்கே சொல்றியா?" டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த வெளிச்சத்துக்கு இவ கண்ணு சுருங்கவே சுருங்காது. இதெல்லாம் நாங்க திருப்பி அனுப்பற சரக்கு. எத்தினி வருசமா இவ மூஞ்சில அடிச்சிப் பாத்தவன் நான்."

"இந்த வெளிச்சம் போதும் ஐயா. வேற லைட்லயும் பாத்துட்டோம்."

"ஸ்கேனு எனக்குத் தெரியாது. லைட்டு தெரியும். என் டார்ச்ச நான் கொண்டாறேன். அதுக்கும் இவ சுளிக்கலன்னா, நீங்க சொல்ற எடத்துல நான் சரின்னு சொல்றேன். அதுக்கு முன்னால யாரும் அந்த மெஷின்ல கை வைக்கக் கூடாது."

டாக்டரம்மா மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கொண்டாங்க ஐயா. பார்வை நேரத்துல வாங்க, நான் இருக்கேன்" என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெளியில் வந்ததும் மகன், பட்டறையில் இருந்து புதிய எல்.இ.டி. டார்ச்சை எடுத்து வரச் சொல்கிறேன் என்றான். அதன் வெளிச்சம் கடற்கரையில் நின்று அடித்தால் கனகசெட்டிக்குளம் வரைக்கும் போகும் என்று நானே கடையில் அளந்துவிடுவது வழக்கம். வேண்டாம் என்றேன். அந்த வெள்ளை வெளிச்சம் அவளுக்கு ஆகாது. "மூஞ்சியெல்லாம் பொணம் மாதிரித் தெரியுது, எடுத்துக்கினு போ" என்பாள். நேராக வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து எவர்சில்வர் டார்ச்சை எடுத்தேன். அவளுக்குப் பழகின வெளிச்சம். அதற்குத்தான் சுளிப்பாள்.

ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டரம்மா அசந்துபோவாள், மகன் அழுதுகொண்டே சிரிப்பான், இந்தக் கதையை நான் கடையில் வைத்து எப்படிச் சொல்வேன் என்பது வரை யோசித்துவிட்டேன்.

சொன்னபடி டாக்டரம்மா நின்றிருந்தாள். நான் கட்டில் ஓரம் போனேன். கழற்ற வராத மூக்குத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நகையெல்லாம் எடுத்திருந்தார்கள். குனிந்து, "ஏய், இங்க பாரு, புது மாடல் வந்திருக்குது" என்றேன். பட்டனை அழுத்தினேன்.

எரியவில்லை.

மறுபடி அழுத்தினேன். உள்ளங்கையில் தட்டி அழுத்தினேன். ஊருக்கே லைட்டு விற்றவன், அந்தக் கட்டில் பக்கத்தில் எரியாத டார்ச்சோடு நின்றேன்.

"விடுங்க ஐயா" என்றாள் டாக்டரம்மா.

"இரும்மா." பின்பக்க மூடியைத் திருகினேன். கடைசிக் கட்டை தலைகீழாக நின்றது.

அவள் திருப்பி வைத்தது. தீர்ந்துவிடக் கூடாது என்று திருப்பி, மூடி, அலமாரியில் வைத்த கை இப்போது கட்டிலில் ஊசி குத்தி நீலம் பாரித்துக் கிடந்தது. நான் அந்தக் கட்டையை உடனே எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். பிறகு நேராகப் போட்டு மூடினேன்.

நன்றாக எரிந்தது. டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பிடித்தாள், நான் அடித்தேன். வெளிச்சம் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இருந்த கறுப்பு, பெரிதாக, அப்படியே நின்றது. மற்றக் கண்ணிலும் அடித்தேன். அணைத்துவிட்டு அடித்தேன். டாக்டரம்மா கையை எடுத்த பிறகு, எங்கள் வழக்கப்படி, முகம் முழுக்க அடித்தேன். மூக்குத்தி மட்டும் பளிச்சென்றது.

"இதுல இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றேன். "களைச்சிருக்குது. சன்னல் பக்கமாக் கட்டில நவுத்தி ஒரு நாள் வெயில் படற மாதிரி வச்சிப் பாக்கலாமா?"

டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான், முதுகு குலுங்கியது. என் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. என் வாயால்தான் சொல்லியிருந்தேன், இதற்கும் சுளிக்கவில்லை என்றால் சரி என்று. வாக்கு மாறி வியாபாரம் செய்தவன் இல்லை நான்.

"சரிம்மா" என்றேன். "வீட்டுக்குக் கூட்டிக்கினு போறோம்."

வராந்தாவில் உட்கார்ந்து மூடியைத் திருகி, கடைசிக் கட்டையை மறுபடி தலைகீழாகப் போட்டேன்.

"இன்னா நைனா பண்ற?" என்றான் மகன்.

"வழியில பட்டன் அழுந்திடுச்சின்னா எரிஞ்சி தீந்துடும்டா."

அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

வண்டியில் ஒரு பையன் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி வீடு வரைக்கும் மூச்சு கொடுத்துக்கொண்டு வந்தான். கூடத்தில் படுக்க வைத்து அவன் கையை எடுத்தான். அவ்வளவுதான். வைத்திக்குப்பத்துத் தம்பி அவனுடைய அஞ்சு கட்டை டார்ச்சைக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் அவள் கால்மாட்டில் ஏற்றி வைத்தான். "அண்ணி எண்ணெய் தடவினது அண்ணே. ஒரு பொட்டுத் துரு ஏறல" என்றான். டார்ச்சைத் திறந்து ஸ்பிரிங்கைக் காட்டக் கூடப் பார்த்தான், முடியாமல் உட்கார்ந்துவிட்டான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் மாடிக்குப் போனேன். கட்டைகள் அவள் வைத்தபடி வரிசையாக நின்றன. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. என் சட்டைப் பையில் இருந்த கட்டையை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு மழை வந்தது. "நைனா, கட்டையெல்லாம் நனையுது, எடுத்து வைக்கட்டுமா?" என்று மகன் கீழே இருந்து கேட்டான். வேண்டாம் என்றேன். இப்போது சில கட்டைகள் வீங்கி, அடியில் வெள்ளையாக நீர் விட ஆரம்பித்துவிட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. டார்ச்சில் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் போட்டுப் பார்ப்பதாக இல்லை. தினமும் காலையில் மாடிக்குப் போகிறேன், சாய்ந்து கிடப்பதை நிமிர்த்தி, வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வருகிறேன்.